கெத்ரேன் தீவின் மொட்டைக் கடிதம்

ஒத்திலியா நவுத்தோவுக்கு அந்த வருடம் ஐம்பத்தொரு வயது. எங்கள் கெத்ரேன் தீவில் அப்போது நாற்பத்து மூன்று வீடுகள் இருந்தன. ஆண்களில் பாதிப் பேர் தெற்கே மகயானெஸ் பக்கம் ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போயிருப்பார்கள். அவர்களுக்குப் போகிற கடிதங்களையெல்லாம் எழுதியது ஒத்திலியாதான். யார் வீட்டில் பன்றி குட்டி போட்டது, யாருக்கு எந்தப் பக்கம் மூட்டு வலி, யார் புருஷன் ஆறு மாதமாக ஒரு வரிகூடப் போடவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. கோயில் சாவியும் அவளிடம்தான். மாதா சுரூபத்துக்கு உடுப்பு மாற்றுவது, மெழுகுவத்தி வைப்பது, மழை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது எல்லாம் அவள் வேலை.

என் பெயர் செலிந்தா. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு உருளைக்கிழங்கு வயலும் ஒரு வேலியும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அந்தச் சமயத்தில் நான் நடந்துகொண்டதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தீவுக்குச் சாமியார் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் செபம் நடத்துவார், சாகிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், செத்தவர்களை அடக்கம் செய்வார். ஒத்திலியாவின் அப்பா தொரிபியோ நவுத்தோ இருபத்தாறு வருடம் உபதேசியாராக இருந்தவர். சிரிக்க மாட்டார், குடிக்க மாட்டார், யார் வீட்டிலும் உட்கார்ந்து கதை பேச மாட்டார். பழைய செபப்புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தானாக எழுதக் கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் எழுத்து வேறு யார் எழுத்து போலவும் இருக்காது. ‘d’ எழுத்தின் கொம்பு பின்னால் வளைந்து, முந்தின எழுத்துக்குக் குடை பிடித்த மாதிரி நிற்கும். அதே எழுத்தைத்தான் மகளுக்கும் கற்றுக்கொடுத்தார். பக்கத்து மாவுயா தீவில் உபதேசியார் இல்லாததால் மே மாதம் முழுக்க அங்கே போய் மாதா வணக்கம் நடத்திவிட்டு வருவார். அவர் இறந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. இறந்தவர்களுக்காகச் செபிக்கும்போது முதல் பெயர் அவருடையதுதான்.

ஒத்திலியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு காலத்தில் நொல்பெர்த்தோ கார்கமோ அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். ஆட்டுப்பண்ணைக்குப் போய்விட்டு மூன்று வருடம் கழித்து வந்தவன் அவுரிஸ்தேலாவைக் கட்டிக்கொண்டான். ஒத்திலியா அவர்கள் கல்யாணத்துக்குப் பலிபீடத்தில் பூ வைத்தாள். பிறகு இறந்துபோன தம்பியின் மகன் லாசரோவை ஆறு வயதிலிருந்து வளர்த்தாள். தொரிபியோவுக்குப் பிறகு நொல்பெர்த்தோவே உபதேசியாரானான். பதினான்கு வருடமாக ஒரே கோயிலில் அவன் செபம் சொல்ல, அவள் மெழுகுவத்தி ஏற்றினாள். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் அவரவர் அதைத் தோண்டி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

1966ஆம் வருடம் மே மாதம் முதல் வாரம், வரவேண்டிய நாளே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அன்செல்மோ சாமியார் மறைமாவட்டத்து விசைப்படகில் வந்து இறங்கினார். நல்ல மழை. அங்கி முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. நொல்பெர்த்தோவையும் ஒத்திலியாவையும் இரண்டு பெரியவர்களையும் கோயில் உடுப்பறைக்குக் கூப்பிட்டார். மாத்தே இலைத் தேநீர் போட்டுக் கொடுக்கச் சுடுதண்ணீர் கொண்டுபோன நான் கதவோரம் நின்றுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

சாமியார் ஒரு காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

“இது ஆயர் ஆண்டவருக்கு வந்திருக்கு. கையெழுத்து இல்ல. மொட்டைக் கடிதம். படிக்கிறேன், கேளுங்க.”

அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘சர்வேசுரனுக்குத் தோத்திரம். கெத்ரேன் தீவு உபதேசியாருக்கு மாவுயா தீவில் பிறந்த பிள்ளை உண்டு. அது அவர் பெயரைத் தாங்கவில்லை. அறியாமல் இரத்தத்தோடு இரத்தம் கலந்துவிடாதபடி திருச்சபை விசாரிக்க வேண்டும். நான் பெயர் சொல்லக் கூடாதென்று சத்தியம் பண்ணியிருக்கிறேன்.’

நொல்பெர்த்தோ முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “நான் மாவுயாவுக்குப் போயே எட்டு வருஷம் ஆச்சு சாமி. விதைக்கிழங்கு வாங்கப் போனேன். ரெண்டு நாள்.”

“நான் உங்களைக் குற்றம் சொல்லல. ஆண்டவர் விசாரிக்கச் சொன்னார். யார் எழுதினதுன்னு தெரிஞ்சா ஏன் எழுதினாங்கன்னும் தெரியும்.”

பெரியவர்களில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்தார். நிமிர்ந்தபோது நொல்பெர்த்தோவைப் பார்க்கவில்லை, ஒத்திலியாவைப் பார்த்தார். தெற்கே இருந்த தன் மகன்களுக்குப் போன கடிதமெல்லாம் அந்த எழுத்தில்தானே போயிருக்கிறது.

சாமியார் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “இது உங்க எழுத்தா?”

ஒத்திலியா வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒரு எழுத்தைத் தொட்டாள்.

“என் எழுத்துதான் சாமி,” என்றாள். “ஆனா நான் எழுதல.”

“ரெண்டுல எது?”

“ரெண்டும்தான்.”

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இது என் எழுத்தே இல்லை என்று ஒரே பிடியாக நின்றிருந்தால் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே அவளைப் பொய்க்காரி என்று முடிவு கட்டினோம்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தீவு முழுக்கப் பரவிவிட்டது. காரணமும் எல்லாருக்கும் தயாராக இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கைவிட்டவனை இப்போது பழிவாங்குகிறாள். அவுரிஸ்தேலா மழையில் நனைந்துகொண்டே ஒத்திலியாவின் வேலிக்கு வந்து நின்றாள்.

“என் கல்யாணத்துக்குப் பூ வச்சியே, அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. இவ்வளவு வருஷம் எப்படிடி வயித்துக்குள்ள வச்சிருந்த?”

“அவுரிஸ்தேலா, உள்ள வா. நனையுற.”

“நனைஞ்சா என்ன. என் புருஷன் பேரு நாறுது, நீ என்னை உள்ள வான்னு கூப்பிடுற.”

விசாரணை முடியும்வரை நொல்பெர்த்தோ செபம் நடத்த வேண்டாம் என்றும் ஒத்திலியா சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சாமியார் சொல்லிவிட்டுப் படகேறினார். சாவி என்னிடம் வந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் கடிதம் எழுதப் போகவில்லை. கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சில் இடம் நிறையக் காலியாக இருந்தது. அவள் வீட்டில் கல்யாண வேலை வேறு நடந்துகொண்டிருந்தது. லாசரோவுக்கு மாவுயா தீவுப் பெண் இர்மாவைப் பேசி முடித்திருந்தார்கள். ஆச்சாவோ ஊர்ச் சந்தையில் மீன்கூடைகளுக்கு நடுவில் பார்த்துப் பிடித்துப்போன பெண்; வீட்டுப் பெரியவர்கள் ஆள் விட்டுப் பேசியதோடு சரி, நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. ஜூன் கடைசியில் இராயப்பர் திருநாளுக்குச் சாமியார் வரும்போது கல்யாண மந்திரிப்பு.

ஒருநாள் லாசரோ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டானாம். அவளே என்னிடம் சொன்னாள்.

“அத்தை, நீங்கதானா?”

“நீ என்ன நினைக்கிற?”

“நான் நினைக்கிறது இருக்கட்டும். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

“இல்ல.”

“சத்தியமா?”

அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு காகிதத்தைத் தொடைமேல் விரித்து வைத்திருந்தாள். இரண்டிலும் மொட்டைக் கடிதத்தின் அதே வார்த்தைகளைத் தானே எழுதிப் பார்த்திருந்தாள்.

“செலிந்தா, அதேதான். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்ல. ‘சர்வேசுரனுக்குத் தோத்திரம்’னு ஆரம்பிக்கிறதுகூட நான் ஆரம்பிக்கிற மாதிரிதான். அந்த மாதிரி இப்ப யார் எழுதுறா? நான் தூக்கத்துல எழுதியிருப்பேனா?”

“தூக்கத்துல எழுதி, தூக்கத்துலயே உறை வாங்கி, ஆச்சாவோவுக்குப் படகேறிப் போய்த் தபால்ல போட்டியா?”

“வேற எப்படி? மனசுல ஒரு மூலையில எனக்கு நொல்பெர்த்தோ மேல கோபம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் எனக்குத் தெரியாம எந்திரிச்சுப் போய் எழுதியிருக்குமோ?”

நான் கிழங்கு துருவிக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“நீயும் நான்தான்னு நினைக்கிற, இல்லையா?”

“எனக்குத் தெரியலடி,” என்றேன். அது பொய். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

அவள் பாவசங்கீர்த்தனம் செய்ய, சாமியார் இருக்கும் ஆச்சாவோவுக்கே போனாள். திரும்பி வந்தபோது இன்னும் குழம்பியிருந்தாள். “செஞ்சேனான்னு தெரியல சாமி, ஆனா செஞ்சிருந்தா மன்னிக்கணும்னு சொன்னேன். அன்செல்மோ சாமி என்னை ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம், தெரியாததைப் பாவமா ஏத்துக்கிட முடியாதும்மா, தெரிஞ்சப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டார். அதைத்தானே நான் கேட்கப் போனேன்.”

ஜூன் இரண்டாம் வாரம் மாவுயாவிலிருந்து வந்த ஒரு பாய்மரப் படகு பெண் வீட்டு மூட்டை ஒன்றை எங்கள் கரையில் இறக்கிவிட்டுப் போனது. கம்பளி விரிப்பு இரண்டு, சரமாகக் கோத்துப் புகைபோட்ட சிப்பி, இர்மாவின் ஞானஸ்நானச் சீட்டு. கூடவே மடித்த காகிதம் ஒன்று. நானும் ஒத்திலியாவும் சேர்ந்துதான் மூட்டையை அவிழ்த்தோம். அவள் காகிதத்தைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதை நான் எப்ப எழுதினேன்?” என்றாள்.

நான் பிடுங்கிப் பார்த்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது, ஆனால் அந்தக் குடை பிடித்த ‘d’ எனக்கும் தெரியும். வரிசையாக நின்றது. ‘சர்வேசுரனுக்குத் தோத்திரம்’ என்று தொடங்கியிருந்தது. அவள் முகம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது.

“படி,” என்றேன். “என்ன எழுதியிருக்குன்னு சத்தமா படி.”

அவள் படித்தாள். விரிப்பில் ஒன்று கறுப்பு ஆட்டு ரோமம், நனைத்தால் சாயம் போகாது. சிப்பி இர்மாவின் தம்பி மூழ்கி எடுத்தது. கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர்தான் வருவோம், எனக்கு வர முடியுமா தெரியவில்லை, உடம்பு சரியில்லை. கீழே பெயர்: பெலார்மினா. இர்மாவின் அம்மா.

“அடியே,” என்றேன், “கறுப்பு ஆடு உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளைக்குத் தம்பி இருக்குறதே நமக்கு இப்பத்தான் தெரியும். இதை நீ எழுதல. இது அவ எழுத்து.”

ஒத்திலியா அழுதாள். பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்ததற்காக அழுதாள் என்று நினைக்கிறேன். ஒரு மாதமாக அவளை நம்பாமல் இருந்த நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா அங்க மறைக்கல்வி நடத்தினாரே, அங்கேயும் யாருக்காவது எழுதச் சொல்லிக்கொடுத்திருப்பார்,” என்றாள். அவள் நிஜமாகவே அதை நம்பினாள். எனக்கு அப்போதே வேறொரு சந்தேகம் வந்தது. விரிப்புகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை காற்று சரியாக இருந்தது. என் படகிலேயே போனோம். மாவுயா போய்ச் சேர நான்கு மணி நேரம் பிடித்தது. வழியெல்லாம் ஒத்திலியா சாமியாரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டே வந்தாள். ஒரு மாதத்தில் அவள் அவ்வளவு பேசியதே இல்லை.

பெலார்மினா கரையில் பாறைமேல் கடற்பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். நாங்கள் யாரென்று சொல்வதற்கு முன்பே கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். அவள் திரும்பி நின்ற விதம், ஒரு தோள் சற்றுத் தாழ்ந்து தலை முன்னால் நீண்டிருந்த விதம், கோயிலில் வாசகம் படிக்க எழுந்து நிற்கும் தொரிபியோவேதான். நான் ஒத்திலியாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

“உள்ள வாங்க அக்கா,” என்றாள் பெலார்மினா. வயதில் மூத்த பெண்களையெல்லாம் அக்கா என்பது வழக்கம்தான். ஆனால் அவள் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் எங்களை உட்காரவைத்தாள். ஒத்திலியா கேட்க வேண்டியதையெல்லாம் மறந்துவிட்டாள். நான்தான் கேட்டேன்: “ஆண்டவருக்கு எழுதினது நீயா?”

“நான்தான்.”

“நொல்பெர்த்தோ உனக்கு என்ன பண்ணினார்?”

“யாரு நொல்பெர்த்தோ?”

“எங்க உபதேசியார்.”

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கு உங்க ஊர் உபதேசியார்னா ஒருத்தர்தான். வேற ஒருத்தர் இருப்பார்னு எனக்குத் தோணவே இல்ல.”

பிறகு சொன்னாள். அவள் அம்மா விதவை. புருஷன் கடலில் போய் மூன்று வருடம் கழித்துப் பெலார்மினா பிறந்தாள். வயதானவர்களுக்கெல்லாம் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. உபதேசியாரை இழந்தால் மே மாத வணக்கம் யார் நடத்துவது? அவர் வருடா வருடம் வந்தார். சிலேட்டு கொண்டுவந்து கொடுத்து, மேசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லிக்கொடுத்தார். அம்மா சாகும்போது, அந்தப் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சிலுவைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதுவரை சரி. ஒருநாள் இர்மா சந்தையிலிருந்து வந்து, கெத்ரேன் லாசரோ நவுத்தோவைக் கட்டிக்கப்போறேன் என்றாள்.

“அவன் என் அண்ணன் மகன். என் பொண்ணு அவனுக்கு அத்தை மக. சபை அனுமதி இல்லாம கட்டினா அது கல்யாணமே இல்லைன்னு நான்தான் இங்க பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில சொல்லித்தரேன். வேண்டாம்னு அவகிட்டச் சொன்னேன். ஏன்னு கேட்டா. ஏன்னு சொல்ல முடியல. அம்மாகிட்டப் பண்ணின சத்தியத்தை மீறினா பாவம். மீறலைன்னா பிள்ளைங்க பாவத்துல விழும். பெயர் சொல்லாம எழுதினா ரெண்டுக்கும் நடுவுல தப்பிச்சுக்கலாம்னு நினைச்சேன். உங்களுக்கு இப்படி வரும்னு எனக்குத் தெரியாது அக்கா. உங்க எழுத்தும் இதே மாதிரின்னு எனக்கு எப்படித் தெரியும்? அவர் எனக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்னு நினைச்சிருந்தேன்.”

ஒத்திலியா கத்துவாள், அல்லது எழுந்து போய்விடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“இங்க அவர் எங்க உட்காருவார்?”

“நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல.”

ஒத்திலியா நகரவில்லை. “சாப்பிடுறதுக்கு முன்னாடி செபம் சொல்வாரா?”

“சொல்வார்.”

“முழுசாவா?”

“பசியா இருந்தா பாதியில விட்டுட்டுச் சிரிப்பார்.”

“சிரிப்பாரா?” என்றாள் ஒத்திலியா.

பெலார்மினா எங்களோடு வர மறுத்துவிட்டாள். சத்தியத்தை உடைத்ததே போதும், ஊர் முன்னால் நிற்க முடியாது என்றாள். திரும்பி வரும் வழியில் ஒத்திலியா ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிக் கடலில் மட்டும், “மே மாசம் ஆனா எங்க அம்மா வீட்டுல இருக்குற கம்பளியையெல்லாம் எடுத்துப்போட்டுத் துவைச்சுக்கிட்டே இருப்பா. மழையில யாராவது கம்பளி துவைப்பாங்களா?” என்று கேட்டாள். அப்பா விஷயம் அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். “அதைத்தான் நானும் யோசிக்கிறேன்,” என்றாள்.

அடுத்த ஞாயிறு வரை அவள் தூங்கினதாகத் தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் அப்பா பெயர் பிழைக்கும், நொல்பெர்த்தோ பெயரும் தன் பெயரும் கெட்டபடியே கிடக்கும், லாசரோ தெரியாமல் போய் நிற்பான். பேசினால் அப்பா போய்விடுவார். என்னைக் கேட்டாள். நான் சாமியாரிடம் மட்டும் சொல்லிவிடு என்றேன். “நொல்பெர்த்தோவை ஊரே பேசிச்சு. சாமியார் காதுல மட்டும் சொன்னா அவனுக்கு என்ன ஆகும்?” என்றாள்.

ஞாயிறு செபமாலை முடிந்து எல்லாரும் எழும்பும் சமயம் ஒத்திலியா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கடிதம் நான் எழுதல. எழுதினவங்களைப் பார்த்துட்டு வந்தேன். அதுல சொன்ன உபதேசியார் நொல்பெர்த்தோ இல்ல. எங்க அப்பா.”

எழுந்தவர்களெல்லாம் மறுபடி உட்கார்ந்தார்கள். பிறகு கண்ணாடி போட்ட அந்தப் பெரியவர் எழுந்தார்.

“உன்னைக் காப்பாத்திக்கிறதுக்கு அவரை ஏன்ம்மா இழுக்குற? செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போறார்? சாகக் கிடந்த என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது.”

“எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த கையும் அதுதான் மாமா.”

“அப்போ வாயை மூடு.”

நாலாபக்கமும் முணுமுணுப்பு. நான் எழுந்து, மாவுயாவுக்கு நானும் போனேன், நானும் பார்த்தேன் என்றேன். நீ அவள் சிநேகிதிதானே என்றார்கள். மூட்டையோடு பெலார்மினா அனுப்பிய காகிதத்தைக் காட்டினேன். அதையும் ஒத்திலியாவே எழுதியிருக்கலாம் என்றார்கள். அது நியாயம்தான். எழுத்து அவளுடையதுதானே.

அப்போது எதிர்பாராத இடத்திலிருந்து குரல் வந்தது. அவுரிஸ்தேலா உட்கார்ந்தபடியே சொன்னாள்:

“இவளை எனக்குப் பிடிக்காது. அது ஊருக்கே தெரியும். ஆனா இவ அப்பாவைச் சாமி மாதிரி வச்சிருந்தா. பொய்தான் சொல்லணும்னா என் புருஷனைப் பத்தியே சொல்லிட்டுப் போயிருப்பா. அதுதான் இவளுக்குச் சுலபம்.”

இருந்தாலும் பாதித் தீவு அன்றைக்கு அவளை நம்பியது, பாதி நம்பவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். நம்பாதவர்களோடு சண்டை போட்டு எனக்குச் சலித்துப்போனது.

லாசரோ கோயிலிலிருந்து நேராகக் கரைக்குப் போய்விட்டான். அத்தை மேல் கோபமா, தாத்தா மேல் கோபமா, நம்பாமல் இருந்த தன்மேலேயே கோபமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. இராயப்பர் திருநாளுக்கு முன்பே தெற்கே ஆட்டுப்பண்ணைக்குக் கிளம்பிவிட்டான். சாமியார் வந்து, சபையின் விலக்கு அனுமதி வாங்கலாம், ஆனால் உறவு என்ன முறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். ஒத்திலியா எழுதினாள். சாமியாரே மாவுயாவுக்குப் போய்ப் பெலார்மினாவிடமும் எழுதி வாங்கினார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எது யாருடையது என்று தனக்கே குழம்பிப்போனது என்று பிறகு சொன்னார். அன்றைக்கு அவர் என்னையும் ஒத்திலியாவையும் நிறுத்திவைத்து, தன்னை மன்னிக்கச் சொன்னார். ஒத்திலியா அதைக் காதில் வாங்காமல் வேறொன்று கேட்டாள்.

“அப்பா கொடுத்த ஞானஸ்நானமெல்லாம் செல்லுமா சாமி?”

“செல்லும்மா. யார் ஊத்தினாலும் தண்ணி தண்ணிதான்.”

“எனக்குச் சொல்லிக்கொடுத்த செபம்?”

“அதுவும்தான்.”

“சொல்லும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?”

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இளவயதுக்காரர். பிறகு, “எனக்குத் தெரியலம்மா,” என்றார். அந்தப் பதிலுக்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அனுமதி நவம்பரில் வந்தது. இர்மா அதை மடியில் கட்டிக்கொண்டு கப்பலேறி, தெற்கே புந்தா அரேனாஸில் லாசரோவைத் தேடிப் பிடித்து அங்கேயே மந்திரித்துக்கொண்டாள். விருந்தில்லை, எங்கள் யாருக்கும் அழைப்பில்லை. நொல்பெர்த்தோ மறுபடி உபதேசியாரானான். அவனே ஒருநாள் என் வீட்டுக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டுபோய் ஒத்திலியாவிடம் கொடுத்தான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். கடிதம் எழுதிக் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டாள். யார் கேட்டாலும் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போகச் சொன்னாள்.

அந்த வருடம் இறந்தோர் திருநாளில் நொல்பெர்த்தோ பெயர்களைப் படிக்க எழுந்தபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் பெயரைப் படிப்பானா, விடுவானா? படித்தான். அதே இடத்தில், அதே குரலில். ஒத்திலியாவின் உதடு அசைந்ததா என்று நான் பார்த்தேன். தெரியவில்லை.

பெலார்மினா எங்கள் தீவுக்கு வந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. லாசரோவும் இர்மாவும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். குழந்தைக்கு ஒத்திலியா முதலில் அப்பா வழியில் உறவா, அம்மா வழியில் உறவா, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சு ஓடியது. லாசரோ அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வந்த அன்றே ஏணி வைத்து அவள் வீட்டுக் கூரைப்பலகைகளை மாற்ற ஆரம்பித்துவிட்டான். அக்காவும் தங்கையும் அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை சிணுங்கியது. பெலார்மினா அதைத் தூக்கி மடியில் போட்டு ஒரு பாட்டைப் பாடினாள். துடுப்புப் போடுகிறவனும் தவளையும் வருகிற, கொஞ்சம் அசிங்கமான வேடிக்கைப் பாட்டு.

“எங்க கத்துக்கிட்ட இதை?” என்றாள் ஒத்திலியா.

“அப்பாதான் பாடுவார்.”

“எங்க அப்பா பாட மாட்டார்.”

“பாடுவார் அக்கா. மேசையில தாளம் போட்டுக்கிட்டு.”

“கோயில் பாட்டுத் தவிர அவர் வாயில ஒரு பாட்டு வந்ததில்ல. முப்பத்தேழு வருஷம் கூட இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?”

“நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல.”

“அப்புறம்?”

ஒத்திலியா கத்தியைக் கீழே வைத்தாள். பெலார்மினாவுக்கு முகம் சிவந்துவிட்டது. குழந்தை மறுபடி சிணுங்கியது. கூரையில் லாசரோ ஆணி அடிக்கும் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது.

“சரி,” என்றாள் ஒத்திலியா கடைசியில். “ரெண்டாவது வரி என்ன? மெதுவாச் சொல்லு.”